நாட்பட்ட நரம்பு வலிக்கான மருந்துச் சிகிச்சை

நாட்பட்ட நரம்பு வலிக்கான மருந்துச் சிகிச்சை என்பது, நரம்புகள், தண்டுவடம் அல்லது மூளை சேதமடைவதால் மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடிக்கும் வலியை மருந்துகளின் துணையுடன் கட்டுப்படுத்தும் முறையாகும். காயம், வீக்கம் முதலியவற்றால் ஏற்படும் வலிக்குக் கொடுக்கப்படும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் இவ்வகை வலியைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லை. உளச்சோர்வுக்காகவும் கால்-கை வலிப்புக்காகவும் முதலில் பயன்படுத்தப்பட்ட சில மருந்துகளே நரம்பு வலிக்கு முதல்நிலை மருந்துகளாக உள்ளன. இம்மருந்துகள் வலியைக் குறைக்கின்றனவே தவிர, சேதமடைந்த நரம்பைச் சரிசெய்வதில்லை. வலி முற்றிலும் நீங்குவோர் சிலரே. எனவே வலியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து, உறக்கத்தையும் அன்றாடச் செயல்களையும் மீட்டுத் தருவதே இச்சிகிச்சையின் நோக்கமாகும்.

வரைவிலக்கணமும் காரணங்களும்

தொடுகை, வெப்பம், வலி ஆகிய உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்லும் அமைப்பு உடலுணர்வு நரம்பு மண்டலம் எனப்படுகிறது. இம்மண்டலத்தில் ஏற்படும் சிதைவினாலோ நோயினாலோ உண்டாகும் வலியே நரம்பு வலி என்பது பன்னாட்டு வலி ஆய்வுக் கழகத்தின் வரைவிலக்கணமாகும். சூடான பாத்திரத்தைத் தொடும்போது ஏற்படும் வலி உடலுக்கு ஓர் எச்சரிக்கை. நரம்பு வலியிலோ எச்சரிக்கை அமைப்பே பழுதுபட்டுள்ளது. வெளியில் எவ்விதத் தூண்டலும் இல்லாதபோதும் வலி தோன்றுகிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காட்டினருக்கு நரம்பு வலியின் இயல்புகளைக் கொண்ட நாட்பட்ட வலி உள்ளதாகக் கணிக்கப்பட்டுள்ளது.

முக்கிய காரணங்கள் பின்வருமாறு:

- நீரிழிவு நோய்: நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் வலி பாதங்களில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும்.
- அக்கி: சின்னம்மையை உண்டாக்கும் தீநுண்மி நரம்பில் உறங்கிக் கிடந்து பின்னாளில் மீண்டும் கிளர்ந்தெழுவதால் ஏற்படுவது. கொப்புளங்கள் ஆறிய பின்னரும் அவ்விடத்தில் வலி நீடிக்கலாம்.
- முக்கிளை நரம்பு வலி: முகத்தின் உணர்வுகளைக் கொண்டு செல்லும் ஐந்தாம் மூளை நரம்பில் மின்னதிர்ச்சி போல வந்து போகும் கடும் வலி.
- தொழுநோய், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை.
- வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் முதலிய புற்றுநோய் மருந்துகள்.
- நீண்டகால மதுப்பழக்கம், உயிர்ச்சத்து பி12 குறைபாடு.
- தண்டுவடக் காயம், பக்கவாதம், தண்டுவட மரப்பு நோய்.
- கை, கால் துண்டிக்கப்பட்ட பின் இல்லாத உறுப்பில் உணரப்படும் மாய உறுப்பு வலி.

இந்தியாவில் இவ்வலியின் முக்கிய காரணங்களுள் ஒன்று நீரிழிவு நோயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோய் கொண்டவர்கள் என 2023-ல் மதிப்பிட்டது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

எரிச்சல், மின்னதிர்ச்சி, ஊசி குத்துதல், எறும்பு ஊர்தல், மரத்துப்போதல் எனப் பல விதமாக நோயாளிகள் இவ்வலியை விவரிக்கின்றனர். உணர்வு குறைந்து மரத்துப்போன இடமே கடுமையாக வலிப்பது இதன் தனித்தன்மையாகும். போர்வையோ ஆடையோ மெல்ல உரசினாலும் சிலருக்கு வலிக்கும். பலருக்கு இரவில் வலி மிகுவதால் உறக்கம் கெடுகிறது.

வலியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. நோயாளியின் கூற்றும் உடற்பரிசோதனையுமே கண்டறிதலின் அடிப்படையாகும். இதற்குத் துணையாக வினாப்பட்டியல்கள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான டிஎன்4 வினாப்பட்டியலில் 10 கூறுகள் உள்ளன. 4 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்புண்டு. நரம்புக் கடத்தல் சோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளவிடுகிறது. வலியைக் கடத்துபவை மெல்லிய இழைகள் என்பதால், இச்சோதனையின் முடிவு இயல்பாக இருப்பதை மட்டும் கொண்டு நரம்பு வலி இல்லை என்று கூற முடியாது.

வலி உருவாகும் முறை

எந்த மருந்து எவ்வாறு செயற்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, வலி உருவாகும் மூன்று நிலைகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, சேதமடைந்த நரம்பிழையில் சோடியம் வாயில்கள் மிகுதியாகக் குவிகின்றன. இவை நரம்பணுவின் உறையில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரதங்களாகும். இவற்றின் மிகுதியால் நரம்பு தூண்டலின்றித் தானாகவே மின் சைகைகளை அனுப்புகிறது.

இரண்டாவது, இச்சைகைகள் தொடர்ந்து வந்து சேர்வதால் தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்கள் எளிதில் கிளர்ச்சியடையும் நிலைக்கு மாறுகின்றன. இது மையக் கூருணர்வு எனப்படும். ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டி வைத்தது போலச் சிறு தொடுகையும் பெரும் வலியாக மூளையை அடைகிறது. இங்கே கால்சியம் வாயில்கள் முக்கிய பங்கு வகிக்கின்றன.

மூன்றாவது, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் சைகைகளை அடக்கும் நரம்புப் பாதைகள் உள்ளன. நோரெப்பிநெப்ரின், செரோடோனின் ஆகிய வேதிப்பொருள்கள் வழியாக இவை செயற்படுகின்றன. நாட்பட்ட வலியில் இந்த அடக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் நரம்புக் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வெயர் மிட்செல், தம் உடன்பணியாளர்களுடன் 1864-ல் வெளியிட்ட நூலில் துப்பாக்கிக் குண்டுக் காயங்களுக்குப் பின் நீடிக்கும் எரிவலியை விரிவாகப் பதிவு செய்தார். அக்காலத்தில் மார்ஃபின் ஊசியே முதன்மையான மருந்தாக இருந்தது.

வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் முக்கிளை நரம்பு வலிக்குப் பயன்படுவதைப் பிரான்சைச் சேர்ந்த பெர்குயினியன் 1942-ல் தெரிவித்தார். 1953-ல் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் வால்ட்டர் சிண்ட்லர் கார்பமசெப்பினை உருவாக்கினார். 1962-ல் பிளோம் என்பவர் அது முக்கிளை நரம்பு வலியைக் குறைப்பதை அறிவித்தார். உளச்சோர்வு மருந்தான இமிப்பிரமின் வலிக்குப் பயன்பட்டது பற்றிய அறிக்கை 1960-ல் பிரான்சில் வெளிவந்தது. அக்கிக்குப் பிந்தைய வலியில் அமிட்ரிப்டிலினை மருந்துப்போலியுடன் ஒப்பிட்ட வாட்சன் குழுவினரின் ஆய்வு 1982-ல் வெளியானது. உளச்சோர்வு இல்லாத நோயாளிகளுக்கும் வலி குறைவதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. இதனால் அம்மருந்தின் வலி குறைக்கும் ஆற்றல் தனியான ஒன்று எனத் தெளிவாயிற்று.

மருந்து வகைகள்

கீழே தரப்பட்டுள்ள அளவுகள் வயதுவந்தோருக்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படுபவை. ஒவ்வொருவருக்கும் உரிய அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூவளைய உளச்சோர்வு நீக்கிகள்

அமிட்ரிப்டிலின், நார்டிரிப்டிலின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நோரெப்பிநெப்ரினும் செரோடோனினும் நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, வலியை அடக்கும் பாதைகளுக்கு இவை வலுவூட்டுகின்றன. அமிட்ரிப்டிலின் பொதுவாக இரவில் 10 மி.கி. எனத் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது. வலிக்குப் பெரும்பாலும் 75 மி.கி. வரையான அளவே பயன்படுகிறது. இது விலை குறைந்த பழைய மருந்தாகும். உறக்கம் தருவதால் இரவு வலிக்கு ஏற்றது. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், பார்வை மங்கல், எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல் ஆகியவை பக்கவிளைவுகளாகும். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், புராசுடேட் வீக்கம் உள்ளோருக்குத் தீங்கு நேரலாம். மிகை அளவு உயிருக்கு ஆபத்தானது.

செரோடோனின்-நோரெப்பிநெப்ரின் மீளுறிஞ்சல் தடுப்பிகள்

டுலோக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவை இவ்வகையின. டுலோக்செட்டினை நீரிழிவு நரம்பு வலிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-ல் ஏற்றுக்கொண்டது. 30 மி.கி. எனத் தொடங்கி நாளொன்றுக்கு 60 மி.கி. கொடுப்பது வழக்கம். குமட்டல், பசியின்மை, வியர்வை, உறக்கக் கோளாறு ஆகியவை ஏற்படலாம். கல்லீரல் நோய் உள்ளோரும் மிகையாக மது அருந்துவோரும் இதைத் தவிர்க்க வேண்டும்.

காபாபென்டின், பிரிகாபலின்

மூளையில் உள்ள காபா என்னும் வேதிப்பொருளைப் போல் செயற்படும் என்ற எதிர்பார்ப்பில் காபாபென்டின் வடிவமைக்கப்பட்டது. ஆனால் அது கால்சியம் வாயிலின் ஆல்பா-2-டெல்ட்டா என்னும் துணை அலகில் பற்றிக்கொண்டு, வலிச் சைகையைக் கடத்தும் வேதிப்பொருள்கள் வெளியாவதைக் குறைப்பது பின்னர் அறியப்பட்டது. வலிப்பு நோய்க்கு 1993-லும், அக்கிக்குப் பிந்தைய வலிக்கு 2002-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளொன்றுக்கு 900 முதல் 3600 மி.கி. வரை மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் குழுவினர் உருவாக்கிய பிரிகாபலின் 2004-ல் ஒப்புதல் பெற்றது. இதன் அளவு நாளொன்றுக்கு 150 முதல் 600 மி.கி. வரை ஆகும். தலைச்சுற்றல், உறக்க மயக்கம், உடல் எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவை இரு மருந்துகளுக்கும் பொதுவான பக்கவிளைவுகள். இவை சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோருக்கு அளவைக் கட்டாயம் குறைக்க வேண்டும். அபினி வகை மருந்துகளுடன் சேர்த்து எடுத்தால் மூச்சு ஒடுங்கும் அபாயம் உண்டு என 2019-ல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. தவறான பயன்பாடு பெருகியதால் ஐக்கிய இராச்சியம் 2019 ஏப்ரலில் இவ்விரண்டையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கார்பமசெப்பின்

சோடியம் வாயில்களை அடைத்துச் செயற்படும் இம்மருந்தும் இதன் உறவு மருந்தான ஆக்ஸ்கார்பசெப்பினும் முக்கிளை நரம்பு வலிக்கு முதல் தெரிவாகும். ஏனைய நரம்பு வலிகளில் இவற்றின் பயன் உறுதிப்படவில்லை. இரத்தத்தில் சோடியம் குறைதல், இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை ஏற்படலாம். அரிதாக, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகை தோன்றும். ஆசியர் சிலரிடம் காணப்படும் எச்.எல்.ஏ-பி*1502 என்னும் மரபணு வகை இந்த ஆபத்தை மிகுவிக்கிறது. எனவே ஆசிய மரபினருக்கு மருந்து தொடங்குமுன் இம்மரபணுவைச் சோதிக்குமாறு 2007-ல் அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைத்தது. சிங்கப்பூரில் 2013 முதல் இச்சோதனை வழக்கமான நடைமுறையாக உள்ளது.

தோலின்மேல் பயன்படுத்தும் மருந்துகள்

லிடோகைன் 5 விழுக்காட்டு ஒட்டு, வலி ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போது பயன்படுகிறது. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் முதியோருக்கு ஏற்றது.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் மற்றொரு மருந்தாகும். இது நரம்பு முனையில் வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. இந்த ஏற்பியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியசுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் பகிர்ந்தளிக்கப்பட்டது. செறிவு மிகுந்த காப்சைசின் முதலில் எரிச்சலைத் தந்து, பின்னர் நரம்பு முனைகளைச் சில மாதங்களுக்குச் செயலிழக்கச் செய்கிறது. 8 விழுக்காட்டு ஒட்டு மருத்துவமனையில் 30 அல்லது 60 நிமிடங்கள் ஒட்டப்படுகிறது. மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒட்டலாம்.

அபினி வகை மருந்துகள்

டிரமடால், மார்ஃபின் முதலியவை வலியைக் குறைத்தாலும், பழக்கத்துக்கு அடிமையாதல், மலச்சிக்கல், மூச்சு ஒடுக்கம் ஆகிய ஆபத்துகள் காரணமாக மற்ற மருந்துகள் பயன்தராதபோது மட்டுமே கருதப்படுகின்றன. டிரமடாலை உளச்சோர்வு நீக்கிகளுடன் சேர்க்கும்போது செரோடோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஆகியவை தோன்றலாம்.

உயிர்ச்சத்து மாத்திரைகள்

இந்தியாவில் மெதைல்கோபாலமின் என்னும் பி12 வகையைப் பிரிகாபலினுடன் சேர்த்த மாத்திரைகள் பரவலாக விற்கப்படுகின்றன. பி12 குறைபாடு உள்ளோருக்கு அச்சத்து இன்றியமையாதது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் உட்கொள்வோருக்கு இக்குறைபாடு ஏற்படக்கூடும் என்பதால் இரத்தச் சோதனை பயனளிக்கும். குறைபாடு இல்லாதோரின் வலியைப் பி12 குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

பயனை அளவிடுதல்

வலியின் கடுமை 0 முதல் 10 வரையான அளவுகோலில் நோயாளியிடமே கேட்டுப் பெறப்படுகிறது. 30 விழுக்காட்டுக் குறைவு குறிப்பிடத்தக்க பயனாகவும், 50 விழுக்காட்டுக் குறைவு சிறந்த பயனாகவும் கொள்ளப்படுகிறது. மருந்துகளை ஒப்பிட, ஒருவர் கூடுதலாகப் பயன்பெற எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவை என்னும் எண் பயன்படுகிறது. இவ்வெண் 7 எனில், 7 பேருக்கு மருந்தைக் கொடுத்தால், மருந்துப்போலியால் பயன்பெறுவோருக்கு மேலாக ஒருவர் பயன்பெறுவார் என்பது பொருள்.

பன்னாட்டு வலி ஆய்வுக் கழகத்தின் நரம்பு வலிக் குழு 2015-ல் வெளியிட்ட பகுப்பாய்வில் இவ்வெண் மூவளைய மருந்துகளுக்கு 3.6, டுலோக்செட்டின் வகைக்கு 6.4, காபாபென்டினுக்கு 7.2, பிரிகாபலினுக்கு 7.7 எனக் கணக்கிடப்பட்டது. 2025-ல் வெளியான புதிய பகுப்பாய்வில் மூவளைய மருந்துகளுக்கு 4.6, டுலோக்செட்டின் வகைக்கு 7.4, காபாபென்டின் வகைக்கு 8.9 எனக் கிடைத்தது. இம்மூன்று வகைகளும் முதல்நிலை மருந்துகளாகவே நீடிக்கின்றன.

எந்த ஒரு மருந்தும் பெரும்பாலானோருக்குப் பயன் தருவதில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. ஆகவே முதல் மருந்து பயன்தரவில்லை என்பதைக் கொண்டு வலி பொய்யானது என்றோ, இனிச் சிகிச்சையே இல்லை என்றோ முடிவு செய்வது தவறாகும். ஒன்று பயன்தராதபோது மற்றொரு வகைக்கு மாறுவதும், ஓரளவு பயன்தந்தால் வேறு வகையொன்றைச் சேர்ப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறைகளாகும். ஐக்கிய இராச்சியத்தில் நீரிழிவு நரம்பு வலி உள்ள 130 பேரிடம் நடத்தப்பட்டு 2022-ல் வெளியான ஆய்வில், அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் ஆகியவற்றில் எதனை முதலில் தொடங்கினாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தேவைப்பட்டோருக்கு இரண்டாவது மருந்தைச் சேர்த்தது மேலும் பயனளித்தது. மருந்தைத் தெரிவு செய்வதில் நோயாளியின் வயது, பிற நோய்கள், உறக்கம், மருந்தின் விலை ஆகியவை முக்கியமாவதற்கு இதுவே காரணம்.

தொடங்குதல், உயர்த்துதல், நிறுத்துதல்

இம்மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக உயர்த்த வேண்டும். பக்கவிளைவுகள் முதல் நாளிலேயே தோன்றலாம். பயன் தெரியவோ சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியிலேயே பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். அமிட்ரிப்டிலினுக்கு 6 முதல் 8 வாரங்கள், டுலோக்செட்டினுக்கும் பிரிகாபலினுக்கும் சுமார் 4 வாரங்கள் போதிய அளவில் கொடுத்துப் பார்த்த பின்னரே பயன் பற்றி முடிவு செய்வது வழக்கம். அதன் பின்னும் பயனில்லாத மருந்தைத் தொடர்வதும் தவறே.

வலி இருக்கும் நாளில் மட்டும் உட்கொள்ளும் மருந்துகள் அல்ல இவை. நாள்தோறும் குறித்த நேரத்தில் எடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் பதற்றம், உறக்கமின்மை, குமட்டல், வியர்வை ஆகியவை ஏற்படலாம். வலிப்பு நோய் உள்ளோருக்கு வலிப்பும் வரக்கூடும். எனவே மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

மருந்துறையிலோ துண்டறிக்கையிலோ உளச்சோர்வு அல்லது வலிப்பு நோய் என்னும் குறிப்பைக் கண்டு, தமது வலியை மனநோயாக மருத்துவர் கருதுகிறார் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுவோரும் உண்டு. அதே மருந்து வலிக்கும் தனியாகச் செயற்படுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

தனிக் கவனம் தேவைப்படுவோர்

முதியோருக்கு உறக்க மயக்கமும் தலைச்சுற்றலும் விழுந்து எலும்பு முறிய வழிவகுக்கலாம். கருவுற்றோரும் கருத்தரிக்க எண்ணுவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்து உடலுக்குப் பழகும்வரை வாகனம் ஓட்டுவதையும் மது அருந்துவதையும் தவிர்க்க வேண்டும். உளச்சோர்வு நீக்கிகளும் வலிப்பு மருந்துகளும் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என எச்சரிக்கப்பட்டுள்ளதால், மனநிலை மாற்றத்தை வீட்டாரும் கவனித்தல் நன்று.

காரணத்துக்கான சிகிச்சையும் பிற முறைகளும்

வலியைக் குறைக்கும் மருந்துடன் அடிப்படை நோயையும் கவனிக்க வேண்டும். நீரிழிவில் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புச் சேதம் பெருகுவதைத் தாமதப்படுத்துகிறது. வலி குறைந்தாலும் பாதம் உணர்விழந்தே இருக்கும் என்பதால், புண் ஏற்பட்டுள்ளதா என நாள்தோறும் பாதங்களைப் பார்ப்பது அவசியம். அக்கித் தடுப்பூசி, அக்கியையும் அதன் பிந்தைய வலியையும் பெருமளவு தடுக்கிறது. மருந்துக்கு அடங்காத முக்கிளை நரம்பு வலிக்கு, நரம்பை அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கும் அறுவைச் சிகிச்சை உள்ளது. உடற்பயிற்சி, அறிதல்-நடத்தைச் சிகிச்சை, தண்டுவட மின்தூண்டல் ஆகியவையும் தேவைக்கேற்பப் பயன்படுத்தப்படுகின்றன.

அண்மைய ஆய்வுகள்

வலி நரம்புகளில் மட்டும் மிகுந்து காணப்படும் சோடியம் வாயில்களைத் தனியாக அடைக்கும் மருந்துகளை உருவாக்க முயற்சிகள் நடைபெறுகின்றன. மூளையையும் இதயத்தையும் பாதிக்காமல் வலியை மட்டும் தணிப்பது இவற்றின் இலக்காகும். இவ்வகையில் சுசெட்ரிஜின் 2025 சனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் அவ்வொப்புதல் குறுகியகாலக் கடும் வலிக்கு மட்டுமே உரியது. நீரிழிவு நரம்பு வலியில் அதன் பயன் தனியாகச் சோதிக்கப்பட்டு வருகிறது.